பாலைச் சோலையில் இரு நாட்கள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. வீணே எறியும் பொருளுக்குங்கூடக் கணக்கொன்று வேண்டும் என்பது அதன் கருத்து. இப்பழமொழியின் உண்மையை ஆறு பாயும் நாட்டிலே காண்பதைவிட, ஆறென்பதே இல்லாத பாலை நிலத்திலே தெளிவாகக் காணலாம். எகிப்து நாட்டின் மேற்கெல்லையை அடுத்து, நைல் நதிக்கு நெடுந்தொலைவிலே, பெரும் மணற்பரப்பொன்றின் ஓரத்தில் அமைந்துள்ளது சீவா என்னும் பசுஞ்சோலை. கெய்ரோ நகரத்திலே சிறு சம்பளத்துக்குப் பணிபுரியும் எழுதுவினைஞரும், பல்கலைக்கழக மாணவரும், தோளில் ஒரு பையோடு வரும் பிறநாட்டு இளைஞரும் வாரவிடுமுறையின் இரண்டு நாட்களை அங்கே கழித்துத் திரும்புவதுண்டு. அவர்கள் அளந்து செலவிடுவது பணத்தை. அவ்வூரார் அளந்து செலவிட வேண்டியது நீரை. இவ்விரு கணக்குகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றிச் சீவாவைக் கண்டதாகச் சொல்ல இயலாது.

முதலில் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மத்தியதரைக் கடலின் கரையிலுள்ள மர்சா மத்ரூ என்னும் பட்டினத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில் சீவா இருக்கின்றது. லிபியாவின் எல்லை அங்கிருந்து சுமார் 50 கிலோமீற்றர் மட்டுமே. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். தெற்கே பெருமணற் கடல் எனப்படும் மணற்குன்றுகளின் தொடர். இவற்றின் நடுவே, காற்று நெடுங்காலமாக அரித்தரித்து உண்டாக்கிய நீண்ட பள்ளமொன்று கிடக்கின்றது. அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே பதினெட்டு, இருபது மீற்றர் தாழ்ந்தது. மழை என்பது அங்கே பெயரளவிலேதான் உண்டு. ஓராண்டு முழுவதும் பெய்வதைச் சேர்த்தாலும் நிலத்தில் ஒரு விரற்கடை நிற்காது. எனினும் அப்பள்ளத்திலே இலட்சக்கணக்கான பேரீச்ச மரங்களும் ஒலிவ மரங்களும் தழைத்து நிற்கின்றன. வானம் கொடாத நீரை நிலம் கொடுக்கின்றது என்பதே அதன் காரணம்.

அந்நீரும் நேற்றுப் பெய்த மழையின் நீரன்று. எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளின் அடியிலும் பரந்து கிடக்கும் மணற்கற் படிவங்களிலே, சகாராப் பிரதேசம் ஈரமாக இருந்த பண்டை யுகங்களில் பெய்த மழை தேங்கி நிற்கின்றது. பல நூறு மீற்றர் ஆழத்திலுள்ள அந்நீர் அழுத்தத்தினால் மேலெழுந்து, வெடித்த சுண்ணாம்புப் பாறைகளினூடாக ஊறி, பள்ளத்தின் தாழ்ந்த இடங்களிலே ஊற்றாகப் பொங்குகின்றது. இருநூறு அளவிலான இயற்கை ஊற்றுகள் சீவாவுக்கு உண்டென்பர். மனிதன் தோன்றாக் காலத்து மழைகூட அவ்வூரின் வாய்க்கால்களிலே இன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அள்ளி எடுத்த அளவுக்கு அதனை நிரப்பித் தரும் மழை இனி வரப்போவதில்லை.

எகிப்திலே வாரவிடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். ஆகவே குறைந்த செலவிலே செல்ல விரும்புவோர் வியாழன் இரவு கெய்ரோவிலிருந்து பஸ்வண்டியில் ஏறிவிடுவர். பாதையின் நீளம் 750 கிலோமீற்றர் அளவில் வரும். பத்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம். இரவுப் பயணம் உடலுக்கு வருத்தமாயினும் பைக்கு இலாபம். ஓர் இரவின் விடுதிக் கூலி மிஞ்சும். வண்டி அலெக்சாந்திரியாவின் பக்கமாகச் சென்று, கடற்கரையைப் பற்றி மத்ரூவை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்புகின்றது. எல்லைப் புறமாதலின் வழியிலே காவற் சாவடிகள் பல உண்டு. உறக்கத்திலிருப்போரை எழுப்பி அடையாள அட்டைகளையும் கடவுச்சீட்டுகளையும் பார்வையிடுவர். அவற்றைப் பெட்டியின் அடியிலே வைத்தவர் சக பயணிகளின் முணுமுணுப்புக்கு ஆளாவர்.

மத்ரூவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் அந்தத் தார்வீதி 1980களிலே போடப்பட்டது. அதற்கு முன் மணற்பாதையிலே மோட்டார் வாகனங்கள் தட்டுத்தடுமாறிச் சென்றன. அதற்கும் முன்னர் ஒட்டகங்களே கதி. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட நடை. இப்பாதையில் சென்றோருள் உலகறிந்தவர் மகா அலெக்சாந்தர். கி. மு. 331ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவர் கடற்கரை வழியே மேற்கு நோக்கி வந்து, இன்றைய மத்ரூவின் அருகிலிருந்து பாலையினுள் இறங்கினார். கொண்டு சென்ற நீர் தீர்ந்தபோது மழை பெய்து காத்ததென்றும், வழி தவறியபோது இரண்டு காகங்கள் முன்னே பறந்து வழிகாட்டின என்றும் பழைய வரலாற்றாசிரியர் எழுதினர். அலெக்சாந்தரின் தளபதியாகிய தொலெமி காகங்களை ஒப்புக்கொள்ளாமல், வழிகாட்டியவை இரண்டு பாம்புகள் என்று எழுதினார். காகமாயினும் பாம்பாயினும் வழிகாட்டியின்றி அப்பாதையில் எவரும் உயிருடன் சென்றதில்லை என்பது மட்டும் இக்கதைகளால் விளங்கும். இன்றைய பயணியோ அதே தூரத்தை நான்கைந்து மணி நேரத்திலே, சாளரத்தின்மேல் தலை சாய்த்து உறங்கியவாறே கடந்துவிடுகின்றான்.

விடியற்காலையிலே கண்விழிப்பவனுக்கு இருபுறமும் சமதரையான வெறும் கல்வெளியே தெரியும். மரமில்லை, புல்லில்லை, தந்திக் கம்பங்களின் வரிசையைத் தவிர கண்ணை நிறுத்த ஓர் அடையாளமில்லை. பின்னர் வீதி திடீரெனச் சரிகின்றது. சரிவின் அடியிலே கரும்பச்சை நிறத்தில் ஈச்சந்தோப்புகளும், அவற்றுக்கிடையே வெள்ளித் தகடுகளைப் போல ஒளிரும் ஏரிகளும் தோன்றுகின்றன. முதன்முறை வருவோர் அவ்வேரிகளைக் கண்டு, "பாலையிலே இத்தனை நீரா!" என்று வியப்பர். அந்த வியப்பின் மறுபுறம் யாதென்பதை இரண்டாம் நாளிலேதான் அறிவர்.

சீவாவின் சந்தைச் சதுக்கத்தில் இறங்கியதும் சிக்கனப் பயணிக்குச் செலவு இலகுவாகின்றது. எளிய விடுதிகள் சதுக்கத்தைச் சுற்றியே உள்ளன. அவித்த அவரை, பருப்புச் சூப்பு, தட்டை ரொட்டி, ஒலிவக்காய் ஆகியவற்றைக் கொண்டு வயிறார உண்ணலாம். ஊர் சமதரையாதலின் வாடகைச் சைக்கிளே உற்ற துணை. ஒருகாலத்தில் கழுதை வண்டிகளே அங்கே வாடகை வாகனங்களாக இருந்தன. இப்போது மூன்று சக்கர மோட்டார் வண்டிகள் அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. காலத்தைத் தேர்வதிலும் விவேகம் வேண்டும். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையிலான மாதங்களே ஏற்றவை. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். குளிர்காலத்து இரவிலோ கம்பளிப் போர்வையில்லாதவன் உறங்கமாட்டான். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஊர் முழுவதும் தொழுகைக்குச் செல்லுமாதலால், கடைகள் அடைத்திருக்கும் அந்நேரத்தைப் பழைய நகரைப் பார்ப்பதற்கு ஒதுக்குவது நன்று.

பழைய நகரின் பெயர் ஷாலி. சதுக்கத்தின் மேலே, பாதி உருகிய மெழுகைப் போல நிற்கும் மண்சுவர்களின் கூட்டமே அது. சீவாவின் குடும்பமொன்று பேணிவந்த பழைய கையெழுத்து ஏடொன்றின்படி, கொள்ளையர்களுக்கு இரையாகி நாற்பது ஆடவரளவுக்குக் குறைந்துவிட்ட ஊரார், 1203ஆம் ஆண்டிலே இக்குன்றின்மீது அரண்கொண்ட புதிய ஊரை அமைத்தனர். மதிலுக்கு வெளியே எவரும் வீடு கட்டலாகாது என்பது கட்டுப்பாடாகையால், சந்ததி பெருகப் பெருக வீட்டின்மேல் வீடாக அடுக்கிச் சென்றனர். தெருக்கள் குகைகளாயின. மணமாகாத உழைப்பாளி இளைஞர் இரவிலே மதிலுக்குள் உறங்க இடம்பெறவில்லை. தோப்புகளைக் காத்து வெளியிலேயே தங்கினர்.

ஷாலியைக் கட்டிய பொருள் கவனத்துக்குரியது. ஏரிக்கரைகளில் உப்பும் களிமண்ணும் கலந்து இறுகிக் கிடக்கும் கட்டிகளை வெட்டியெடுத்து, ஈரமண்ணைக் குழைத்துப் பூசி, அவ்வூரார் சுவர் எழுப்பினர். கெர்ஷெப் என்பது அதன் பெயர். உலர்ந்தபின் சீமெந்தைப் போல் இறுகும். கோடையில் குளிர்ச்சியும் மாரியில் வெதுவெதுப்பும் தரும். அதற்குள்ள பகை ஒன்றே, அது மழை. மழையே பெய்யாத நாட்டில் அப்பகையை எண்ணி அஞ்சுவார் யார்? ஆயினும் 1926ஆம் ஆண்டிலே மூன்று நாட்கள் தொடர்ந்து மழை கொட்டியது. எழுநூறு ஆண்டுகளாகப் பகைவரைத் தடுத்து நின்ற நகரம் உப்புக்கட்டியாகக் கரைந்தது. மக்கள் கீழிறங்கிச் சமதரையில் வீடுகள் கட்டிக்கொண்டனர். அண்மையில் பழைய முறையிலேயே சுவர்கள் செப்பனிடப்பட்டு, 2020ஆம் ஆண்டிலே ஷாலி மீண்டும் திறந்து வைக்கப்பட்டது. சீவாவுக்கு நீர் அளவுமீறி வந்தால் யாது நிகழும் என்பதற்கு இந்நகரம் முதற் சான்றாகும்.

பிற்பகலிலே சைக்கிளில் கிழக்கு நோக்கிச் சென்றால், ஈச்சந்தோப்புகளினூடே சிறிது தூரத்தில் அகுர்மிப் பாறை தென்படும். அதன் உச்சியிலேதான் அமுன் தெய்வத்தின் குறிசொல்லும் கோயில் இருந்தது. கி. மு. ஆறாம் நூற்றாண்டில், அமாசிஸ் மன்னன் காலத்திலே எழுந்த கற்கட்டடம் இன்றும் அங்கே நிற்கின்றது. கிரேக்க உலகமெங்கும் புகழ்பெற்ற அக்கோயிலுக்கு அலெக்சாந்தர் வந்தது தம் பிறப்பையும் தம் எதிர்காலத்தையும் அறியவே என்பர். உள்ளே அவர் கேட்டது யாதென்றும் பெற்றது யாதென்றும் உலகுக்கு வெளிப்படவில்லை. தம் உள்ளம் விரும்பிய விடையே கிடைத்ததென்று மட்டும் அவர் கூறியதாக எழுதிவைத்துள்ளனர். அலெக்சாந்தருக்கு முன்னரே, கி. மு. 525இல் எகிப்தை வென்ற பாரசீக மன்னன் கம்பைசிஸ், இக்கோயிலை அழிக்க ஐம்பதினாயிரம் வீரரை அனுப்பினான் என்றும், அவர்கள் மணற்புயலில் புதைந்து மறைந்தனர் என்றும் ஹெரடோட்டஸ் எழுதினார். அப்படையைத் தேடியவர் பலர்; ஐயமறக் கண்டவர் இலர்.

அதே வழியில் அமுனுக்கு எடுத்த மற்றுமொரு கோயிலின் ஒரேயொரு சுவர் நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே ஆட்சி அதிகாரி ஒருவர் கட்டடக் கற்களைப் பெறுவதற்காக வெடிமருந்திட்டு அதனைத் தகர்த்தார். பாரசீகப் படையால் ஆகாத காரியத்தை ஓர் அலுவலகத்தின் தேவை செய்து முடித்தது. நிலநடுக்கத்துக்கும் காலத்துக்கும் பின்னர் எஞ்சியிருந்த சிற்பங்கள் அன்றோடு சிதறின.

இவ்விரண்டுக்கும் அணித்தே கல்லாற் கட்டிய வட்டமான கேணி ஒன்று நீல நீருடன் விளங்குகின்றது. பயணிகள் அதனைக் கிளியோபாத்திராவின் கேணி என்பர். அவ்வரசி அங்கே நீராடினாள் என்பதற்குச் சான்று இல்லை. பழைய பெயர் சூரிய ஊற்று என்பதே. நண்பகலில் குளிர்ந்தும் நள்ளிரவில் கொதித்தும் இருக்கும் அதிசய ஊற்று என அதனை ஹெரடோட்டஸ் வருணித்தார். உண்மை யாதெனின், நிலத்தடியிலிருந்து வரும் நீரின் வெப்பம் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கின்றது. மாறுவது காற்றின் வெப்பமே. எரிக்கும் பகலில் தோய்ந்தவனுக்கு அது குளிரும். நடுங்கும் இரவில் கைவைத்தவனுக்கு அது சுடும். கட்டணமின்றி நீராடலாமாதலால் சிக்கனப் பயணிகள் இங்கே நெடுநேரம் தங்குவர். ஆயின் இது முழு ஊரும் நோக்கும் பொது வழி. பெண்கள் உடலை முழுதும் போர்த்துச் செல்லும் ஊர் சீவா. ஆகவே ஆடையிலே அடக்கம் பேணுதலும், கேளாமல் எவரையும் படம்பிடியாமையும் விருந்தினனின் கடமை. அதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை.

கேணியின் ஓரத்திலே சற்று நின்றால் சீவாவின் வாழ்வு முழுவதையும் காணலாம். நிரம்பி வழியும் நீர் வாய்க்கால்களாகப் பிரிந்து தோப்புகளுள் நுழைகின்றது. ஊற்று ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பகலும் இரவும் பங்குகளாக வகுக்கப்பட்டு, குடும்பங்கள் முறைவைத்து நீர் பாய்ச்சி வந்தன. ஒருவனுடைய முறை முடிந்ததும் வாய்க்காலின் வாயை மண்ணால் அடைத்து அடுத்தவனுக்குத் திறந்துவிட வேண்டும். சீவாவின் கிழக்குப் பகுதியாரும் மேற்குப் பகுதியாரும் நெடுங்காலம் தம்முள் போரிட்டவர்களாயினும் இந்த ஒழுங்கு குலையவில்லை. பகை தீர்ந்த நினைவாக, ஒக்டோபர் மாதத்துப் பூரணையை ஒட்டித் தக்ரூர் மலையடியிலே மூன்று நாட்கள் விழா எடுக்கின்றனர். செல்வரும் வறியரும் நிலத்திலமர்ந்து ஒரே தட்டிலே உண்பது அவ்விழாவின் சிறப்பு. வீட்டிலே அவர்கள் பேசும் மொழியும் அரபு அன்று. வட ஆபிரிக்காவின் பழங்குடிகளான பேர்பர் மக்களின் மொழிகளுள் மிகக் கிழக்கே வழங்குவது அதுவே.

தோப்பின் அமைப்பிலும் இதே சிக்கனம் உண்டு. உயர்ந்த ஈச்ச மரம் மேலே நிழல் விரிக்க, அதன் கீழே ஒலிவமும் பிற கனிமரங்களும், அவற்றின் கீழே கால்நடைக்கான பசும்புல்லும் கீரையும் வளரும். ஒரே வெயிலும் ஒரே நீரும் மூன்று அடுக்குகளுக்குப் பயன்படுகின்றன. இவ்வழக்கத்தின் அருமை கருதி, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2016ஆம் ஆண்டிலே சீவாவின் பேரீச்சைச் செய்கையை உலகின் மரபுரிமை வேளாண்மைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இரண்டாம் நாளாகிய சனியன்று காலையில், ஊரை அடுத்துள்ள இறந்தோர் குன்றுக்கு ஏறுதல் வழக்கம். தேன்கூட்டைப் போலத் துளைக்கப்பட்ட பண்டைக் கல்லறைகள் அங்கே உள்ளன. 1940ஆம் ஆண்டிலே இத்தாலிய விமானங்கள் குண்டு வீசியபோது ஊரார் குழந்தை குட்டிகளோடு இக்கல்லறைகளிலே ஒதுங்கினர். இடம் போதாமல் தோண்டியபோதுதான் வண்ண ஓவியங்கள் நிறைந்த சீ-அமுன் என்பவரின் கல்லறை வெளிப்பட்டது. எகிப்திய தொல்லியலறிஞர் அஹமத் பக்ரி அதனையும் சீவாவின் பிற சின்னங்களையும் ஆராய்ந்து நூலெழுதி, உலகறியச் செய்தார். உயிருள்ளோரைக் காத்த பழைய கல்லறைகள் என்று அவற்றைக் கூறலாம்.

அக்குன்றின் உச்சியிலிருந்து பார்க்கும்போதுதான் ஏரிகளின் பரப்பு நன்கு விளங்கும். பயணிகள் அவற்றை நோக்கி விரைவர். உப்பு வெட்டியெடுத்த நீண்ட குழிகளிலே பச்சை நிற நீர் நின்று ஒளிர்கின்றது. அதில் இறங்கியவன் அமிழ்வதில்லை. உப்பின் செறிவினால் மிதந்துகொண்டே இருப்பான். படமெடுத்து நண்பருக்குக் காட்டுவதற்கு இதனினும் உகந்த இடம் சீவாவில் இல்லை. மாலையில் பத்னாஸ் என்னும் ஈச்சந்தீவின் கரையிலமர்ந்து, ஏரியின்மேல் கதிரவன் மறைவதைக் கண்டால் பயணத்தின் வருத்தமெல்லாம் அகலும்.

ஆனால் அவ்வேரியின் விளிம்பிலே தலையிழந்து நிற்கும் ஈச்ச மரங்களைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. நீரின் நடுவே நின்றுகொண்டு அம்மரங்கள் பட்டுப்போயின. காரணம் விளங்குவதற்கு அரிதன்று. சீவா கடல் மட்டத்துக்குக் கீழான பள்ளம். அங்கு வரும் நீருக்கு வெளியேறும் வழி இல்லை. வயலில் மிஞ்சிய நீர் தாழ்ந்த இடத்திலே தேங்குகின்றது. வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச் செல்கின்றது. ஊற்றுநீரிலே கரைந்து வரும் சிறிதளவு உப்பு, ஆண்டுதோறும் சேர்ந்து ஏரியை உவராக்கி, நிலத்தடி நீரையும் மேலே உயர்த்துகின்றது. உயர்ந்த நீர் வேர்களை மூச்சடைக்கச் செய்கின்றது. மண்ணினூடே ஏறிய உப்பு மேற்பரப்பில் வெண்மையாகப் பூக்கின்றது. பாலைவனத்து ஊர் ஒன்று நீரின்மையால் அன்றி, நீரின் மிகையால் நலிகின்றது என்பது கேட்போருக்குப் புதுமையாகத் தோன்றலாம். சீவாவின் துன்பம் அதுவே.

ஊற்றுகளை மட்டும் நம்பியிருந்த காலத்திலே இக்கேடு மெதுவாகவே வந்தது. தார்வீதி வந்த பின்னர் துளையிடும் இயந்திரங்களும் வந்தன. ஆழமில்லாக் கிணறுகள் ஆயிரத்துக்கும் மேலாகப் பெருகின. முறைவைத்துப் பெற்ற நீரை, இனி ஒவ்வொருவனும் தன் நிலத்திலேயே வேண்டும் பொழுது பெறலாயினான். வாயடைக்கும் வசதியில்லாத கிணறுகளிலிருந்து பயிருக்கு வேண்டாத இரவிலும் நீர் ஓடியது. நீர் இலவசம், எனவே அதற்குக் கணக்கு வேண்டாம் என்று எண்ணினர். தனித்தனியே பார்த்தால் எந்த உழவனும் தவறு செய்யவில்லை. தன் மரத்துக்கு நீர் வார்த்தான். எல்லோருடைய மிச்சமும் ஒரே பள்ளத்திலே சேரும் என்பதை ஏரி வளர்ந்த பின்னரே ஊர் உணர்ந்தது. தாழ்ந்த நிலத்து உழவனின் தோப்பை மேட்டு நிலத்து அயலானின் மிச்சம் அழித்தது.

இதனைத் திருத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. கட்டுப்பாடற்ற ஆழமில்லாக் கிணறுகளை மூடுதல், ஆழத்திலுள்ள நன்னீரை அளவோடு எடுத்துப் பகிர்தல், தேங்கிய உவர்நீரைத் தொலைவிலுள்ள வேறொரு பள்ளத்துக்குக் கால்வாய் வழியே வெளியேற்றுதல் ஆகிய வேலைகளை எகிப்திய அரசு அண்மை ஆண்டுகளிலே மேற்கொண்டது. உப்பை வெட்டியெடுத்து விற்கும் தொழிலும் வளர்ந்துள்ளது. ஆயினும் கால்வாய் மிகையைத்தான் அகற்றும். ஆழத்திலிருந்து எடுத்த பண்டை நீரை மீளக் கொடாது. மேலே நீர் மிகுந்து நோயாகின்றது. கீழே நீர் குறைந்து கடனாகின்றது. இரண்டையும் தீர்க்கவல்ல மருந்து, முன்னோர் வாய்க்காலின் வாயை மண்ணால் அடைத்த அந்தப் பழக்கமே.

இதிலே விருந்தினனுக்கும் பங்கு உண்டு. சிக்கனப் பயணியைக் குறித்துச் சிலர், அவனால் ஊருக்கு வருவாய் இல்லை என்று இகழ்வர். அது முழு உண்மையன்று. அவன் சந்தையிலே ஊராரின் ரொட்டியை உண்கின்றான். ஊரானின் சைக்கிளை வாடகைக்கு எடுக்கின்றான். ஈச்சம்பழத்தையும் ஒலிவ எண்ணெயையும் விளைவித்தவனின் கையிலிருந்தே வாங்குகின்றான். அவன் கொடுப்பது சிறிதாயினும் இடையிலே சிந்தாமல் சேர்கின்றது. ஆனால் பணத்திலே சிக்கனம் காட்டுபவன் நீரிலும் அதனைக் காட்டுகின்றானா என்பதே வினா. விடுதியின் குழாயை மூடாமல் விடுபவன், எறிந்த போத்தல்களை வாய்க்காலிலே மிதக்கவிடுபவன், தன் பையைக் காத்தாலும் விருந்தளித்தவனின் கருவூலத்தைத் திறந்துவிட்டவனே ஆவான். அவன் கையிலிருந்த போத்தலிலும் சீவாவின் நீரே இருந்திருக்கலாம். அங்குள்ள ஆழ்கிணறுகளின் நீர் போத்தல்களில் அடைக்கப்பட்டுக் கெய்ரோவிலும் விற்பனையாகின்றது.

சனி இரவு பஸ்வண்டி மீண்டும் மேட்டிலே ஏறுகின்றது. பின்னாலே ஊரின் விளக்குகள் பள்ளத்துள் அமிழ்ந்து மறைகின்றன. ஞாயிறு காலையில் அலுவலகத்துக்கோ வகுப்புக்கோ செல்ல வேண்டியவர்கள் கால்களை மடக்கிக்கொண்டு உறங்க முயல்கின்றனர். அவர்களுள் ஒருவன் சட்டைப் பையிலுள்ள காசை எண்ணிப் பார்த்து, நினைத்ததைவிட மிஞ்சியிருக்கின்றது என மகிழ்வான். பயணியின் பையிலே மிஞ்சியது அவனுக்கு ஆதாயம். வாய்க்காலிலே மிஞ்சிய நீரோ சீவாவுக்கு நட்டம். ஆற்றிலே போடுவதற்கும் அளவு வேண்டுமெனின், ஆறில்லாத ஊரிலே ஊற்றிலிருந்து எடுப்பதற்கு எத்துணை அளவு வேண்டும்! பட்டுப்போன ஈச்ச மரங்கள் ஏரியின் ஓரத்திலே நின்று அதனைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தி வெயிலின் அழகைக் காண்பதற்காக அங்கே அமர்பவர்கள், ஒரு கணம் அவற்றின் பக்கமும் திரும்பி நோக்குவார்களாயின், இரு நாட் பயணத்துக்குச் செலவிட்ட சிறு தொகைக்குப் பெரும் பயன் பெற்றவராவர்.